டைக்கோ பிராஹே ஏன் கடைசிவரை பூமியை நகர விடவில்லை?

புதுப்பார்வையாளன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக 16-ஆம் நூற்றாண்டு வானியலாளர் டைக்கோ பிராஹேயைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

1572-ல் காசியோபியா நட்சத்திரக் கூட்டத்தில் திடீரென்று ஒரு புது நட்சத்திரம் தெரிகிறது. அது சந்திரனுக்கு அப்பால் இருக்கிறது என்று அளந்து சொல்கிறார். 1577-ல் வந்த வால்மீனும் சந்திரனுக்கு அப்பால்தான் என்கிறார். வானம் மாறவே மாறாது என்ற அரிஸ்டாட்டில் கொள்கையை இரண்டு தடவை அடித்து உடைத்த ஆள். கையில் இருந்ததோ அந்தக் காலத்திலேயே மிகத் துல்லியமான அளவுகள். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் புத்தகம் 1543-லேயே வந்துவிட்டது. இவர் அதைப் படித்திருக்கிறார், பாராட்டியும் எழுதியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் பூமி நகரவில்லை, சூரியன்தான் பூமியைச் சுற்றுகிறது, மற்றக் கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்று ஒரு கலப்பட அமைப்பைக் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏன்? சர்ச்சுக்குப் பயமா? பார்த்த ஒன்றிரண்டு வீடியோக்களில் அப்படித்தான் சொன்னார்கள். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.


சும்மா_வந்தவன்:

பயமெல்லாம் இல்லை பாஸ். கர்வம். பெரிய பிரபு வீட்டுப் பிள்ளை. கணக்கில் யார் கெட்டிக்காரன் என்று சண்டை போட்டு, கத்திச் சண்டையில் மூக்கையே பறிகொடுத்தவர். தன் பெயரில் ஒரு அமைப்பு வேண்டும் என்று கிளம்பியிருப்பார், அவ்வளவுதான். அவர் வளர்த்த எல்க் மான் குடித்துவிட்டு மாடிப்படியில் விழுந்து செத்த கதையையும் படித்துப் பாருங்கள்.


இரவுவிழி:

எல்க் கதை எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது பதிலிலேயே வந்துவிட்டது. இந்த மனுஷனைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே மூக்கு, மான், சிறுநீர்ப்பை. இருபது வருஷம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அளந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சரி, கேள்விக்கு வருகிறேன். பதில் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் சர்ச். டைக்கோ டென்மார்க்காரர். அவர் பிறந்த க்னூட்ஸ்டோர்ப் இருக்கும் பகுதி இன்றைக்கு ஸ்வீடனில் இருக்கிறது, 1546-ல் டென்மார்க்கில் இருந்தது. அது லூதரன் நாடு, ரோமின் அதிகாரம் அங்கே செல்லாது. கோப்பர்நிக்கஸின் புத்தகத்தைக் கத்தோலிக்க சர்ச் தடைப் பட்டியலில் சேர்த்தது 1616-ல். டைக்கோ 1601-லேயே இறந்துவிட்டார். பைபிள் வசனங்களை அவரும் தன் வாதத்தில் சேர்த்துக்கொண்டார் என்பது உண்மைதான். ஆனால் யாரோ மிரட்டியதால் எழுதியதல்ல. வசனத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டாலும் அவருடைய பலமான வாதம் அப்படியே நிற்கும். அதற்குத்தான் அந்தக் காலத்தில் யாராலும் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

அந்த வாதம் அளவிலிருந்து வந்தது.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால், இன்றைக்கு நாம் இருக்கும் இடத்துக்கும் ஆறு மாதம் கழித்து இருக்கும் இடத்துக்கும் நடுவே பிரம்மாண்டமான தூரம் இருக்க வேண்டும். அப்படியானால் நட்சத்திரங்களின் இடம் கொஞ்சமாவது நகர்ந்து தெரிய வேண்டும். பள்ளியில் படித்த அதே இடமாறு தோற்றம்தான். டைக்கோ தேடினார். ஒன்றும் நகரவில்லை.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். ‘நகரவில்லை’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் சொன்னால் அதற்கு ஏன் மதிப்பு? அவருடைய கருவிகள் அப்படி.

1576-ல் அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் அவருக்கு ஹ்வென் தீவையே கொடுத்தார். அங்கே உரானிபோர்க் என்று ஒரு மாளிகை கட்டினார். அதற்குள்ளே தென்வடலாக நின்ற ஒரு சுவரில், 1582-ல், கால்வட்ட வடிவத்தில் ஒரு பித்தளை வளைவைப் பதித்தார். அதன் ஆரம் ஏறக்குறைய 2 மீட்டர். ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு ஒரு கலை இல்லையா? அந்த வளைவில் ஒரு கலை அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகமான இடம் பிடிக்கும். அந்த அரை மில்லிமீட்டரையும் சாய்வான புள்ளி வரிசைகளால் ஆறாகப் பிரித்து, 10 விகலை (ஒரு கலையில் 60-ல் ஒரு பங்கு ஒரு விகலை) வரை படிக்கிற மாதிரி செய்திருந்தார்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் கருவியில் குறிபார்க்கும் வழி. எதிர்ச் சுவரில் உள்ள திறப்பில் ஒரு சின்ன உருளை. வளைவின் மேல் நகரும் துண்டில் ஒரு தகடு. அந்த உருளையின் அகலமும் தகட்டின் அகலமும் ஒன்றே. தகட்டின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய பிளவு. மேல் பிளவு வழியே பார்த்தால் உருளையின் மேல் விளிம்பை ஒட்டி நட்சத்திரம் தெரிய வேண்டும். கீழ்ப் பிளவு வழியே பார்த்தால் கீழ் விளிம்பை ஒட்டி, அதே வெளிச்சத்தில் தெரிய வேண்டும். இரண்டும் சமமாகத் தெரிந்தால்தான் குறி சரி. ஒரு பக்கம் மங்கினாலும் துண்டை ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். ஒருவர் பார்ப்பார், ஒருவர் கடிகாரத்தைப் படிப்பார், ஒருவர் எழுதுவார். வெறும் ஓட்டை வழியே பார்ப்பதில் கண்ணை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பிழை வந்துவிடும். ஒட்டுப்பலகையில் நான் செய்து வைத்திருக்கும் கால்வட்டத்தில், நூலில் ஈயக் குண்டு கட்டி, எவ்வளவு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாலும் கால் பாகைக்குக் கீழே இறங்க முடிவதில்லை. கால் பாகை என்றால் 15 கலை. டைக்கோவின் நல்ல அளவுகளில் பிழை ஒரு கலையை ஒட்டியே இருந்தது. தொலைநோக்கி இல்லாமல்!

ஆக, நட்சத்திரம் ஒரு கலைகூட நகரவில்லை என்று அவரால் தைரியமாகச் சொல்ல முடிந்தது. அப்படியானால் இரண்டில் ஒன்று. பூமி நகரவில்லை. அல்லது, நகர்ந்தும் தெரியாத அளவுக்கு நட்சத்திரங்கள் தூரத்தில் இருக்கின்றன. எவ்வளவு தூரம்? அவர் கணக்குப்படி சூரியனிலிருந்து சனி இருக்கும் தூரத்தைப் போல குறைந்தது 700 மடங்கு. சனிக்கும் நட்சத்திரங்களுக்கும் நடுவே இவ்வளவு வெற்றிடம் எதற்கு என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கோப்பர்நிக்கஸ் ஆட்கள் ‘இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்று சொல்லிவிடலாம், சொன்னார்கள்.

அடுத்ததுதான் இடித்தது. நட்சத்திரங்களுக்கு ஒரு அகலம் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. டைக்கோ அதையும் மதிப்பிட்டு வைத்திருந்தார். மிகப் பிரகாசமான முதல் தர நட்சத்திரத்துக்கு 2 கலை, மூன்றாம் தரத்துக்கு ஏறக்குறைய ஒரு கலை. இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். அந்த மூன்றாம் தர நட்சத்திரத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் பூமியின் சுற்றுப்பாதை முழுவதும் ஒரு கலை அகலம்தான் தெரியும், ஏனென்றால் இடமாறு தோற்றம் அதற்குள்தான் இருக்கிறது. இங்கிருந்து அந்த நட்சத்திரமும் ஒரு கலை அகலம். தூரம் ஒன்று, கோணம் ஒன்று என்றால் அளவும் ஒன்று. வானத்தில் ஓரமாக மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண நட்சத்திரம், பூமி ஒரு வருஷத்தில் சுற்றி வரும் பாதை மொத்தத்தையும் நிரப்பும் அளவுக்குப் பெரியது! சூரியனைப் போல 200 மடங்குக்கும் மேல் அகலம். முதல் தர நட்சத்திரங்கள் அதைப் போல இரண்டு மடங்கு. இடமாறு தோற்றம் ஒரு கலையைவிடக் குறைவு என்றால் இன்னும் மோசம்.

அவருடைய சொந்த அமைப்பில் இந்தத் தலைவலியே கிடையாது. நட்சத்திரங்கள் சனிக்குச் சற்று அப்பால், பூமியின் ஆரத்தைப் போல 14,000 மடங்கு தூரத்தில். அந்தத் தூரத்தில் முதல் தர நட்சத்திரம்கூட சூரியனைவிடச் சிறியதாகவே வரும். எல்லாம் ஒரு அளவோடு இருக்கும்.

காஸல் நகரத்தில் ரோத்மன் என்ற வானியலாளர் இருந்தார். கோப்பர்நிக்கஸ் பக்கம் நின்றவர். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. டைக்கோ அந்தக் கடிதங்களை 1596-ல் தன் சொந்த அச்சகத்திலேயே புத்தகமாகப் போட்டார். இந்த வாதத்துக்கு ரோத்மன் சொன்ன பதில்: நட்சத்திரம் அவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று? கடவுளின் வல்லமைக்கு அதெல்லாம் எம்மாத்திரம்? கவனியுங்கள், கடவுளைச் சாட்சிக்கு இழுத்தவர் கோப்பர்நிக்கஸ் பக்கத்து ஆள். அளவையும் விகிதத்தையும் பேசியவர் டைக்கோ. வீடியோக்களில் சொல்வதற்கு நேர் தலைகீழ்.

இதைத் தவிரப் பீரங்கி வாதமும் அவரிடம் இருந்தது. பூமி கிழக்கே சுழல்கிறது என்றால் கிழக்கே சுட்ட குண்டும் மேற்கே சுட்ட குண்டும் ஒரே தூரம் போகுமா என்று. சடத்துவம், அதாவது நகரும் பொருள் தானாகவே தொடர்ந்து நகரும் தன்மை, பற்றித் தெளிவு வருவதற்கு முந்தைய காலம், அதனால் அந்தக் கேள்வியும் நியாயமானதே. ஆனால் என்னைப் பொறுத்தவரை நட்சத்திர அளவுதான் அவருடைய பிரம்மாஸ்திரம்.


கணக்குவாத்தியார்:

இரவுவிழி சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ‘கலப்பட அமைப்பு’ என்று கேள்வியில் இருக்கிறது. அப்படி ஏளனமாகச் சொல்வதற்கில்லை. கோப்பர்நிக்கஸ் அமைப்பையும் டைக்கோ அமைப்பையும் வரைந்து வைத்துப் பாருங்கள். கோள்கள், சூரியன், பூமி இவற்றுக்கு நடுவேயான தூரமும் கோணமும் எந்த நேரத்திலும் இரண்டிலும் ஒன்றே. எதை அசையாமல் பிடித்து வைக்கிறோம் என்பதுதான் வேறுபாடு. சூரியனைப் பிடித்தால் கோப்பர்நிக்கஸ், பூமியைப் பிடித்தால் டைக்கோ. அதனால் கோள்களை மட்டும் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த இரண்டில் எது சரி என்று சொல்ல முடியாது. நட்சத்திரங்கள்தான் பஞ்சாயத்துத் தீர்க்க வேண்டும். அங்கே தீர்ப்பு டைக்கோ பக்கம் இருந்தது.

1610-ல் கலிலியோ வெள்ளியின் பிறைகளைப் பார்த்தாரே, அதில் அடிபட்டவர், எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பழங்கால தாலமிதான். டைக்கோ அமைப்பிலும் வெள்ளி சூரியனைத்தான் சுற்றுகிறது, அதனால் அதே பிறைகள் அப்படியே வரும். அதற்குப் பிறகு யேசு சபை வானியலாளர்கள் பலர் டைக்கோ பக்கம் போனதும் இதனால்தான்.

ஒரு சந்தேகம். டைக்கோ செவ்வாயின் இடமாறு தோற்றத்தை அளக்க 1582-ல் பெரும் பாடுபட்டார் என்று படித்திருக்கிறேன். நான் மேலே சொன்னபடி கோள்களால் தீர்க்க முடியாது என்றால் அது எதற்கு?


இரவுவிழி:

அருமையான கேள்வி சார். அது தாலமிக்கு எதிரான வேலை. தாலமி அமைப்பில் செவ்வாய் எப்போதும் சூரியனுக்கு அப்பால்தான். கோப்பர்நிக்கஸ், டைக்கோ இருவர் அமைப்பிலும் செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வரும் காலத்தில் சூரியனைவிட நமக்குக் கிட்டே வந்துவிடும். அதனால் மாலையில் ஒரு தடவையும் விடியற்காலையில் ஒரு தடவையும் அளந்து, செவ்வாய் சூரியனைவிட அதிகமாக இடம் மாறித் தெரிகிறதா என்று பார்த்தால் தாலமியின் கதை முடிந்தது.

சூரியனின் இடமாறு தோற்றம் 3 கலை என்று பழங்காலத்திலிருந்து வந்த ஒரு எண்ணை டைக்கோவும் அப்படியே எடுத்துக்கொண்டார். உண்மையில் அது 9 விகலைக்கும் குறைவு. ஏறக்குறைய 20 மடங்கு தப்பு! எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் இதை மட்டும் ஏன் சந்தேகப்படாமல் விட்டார் என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம். அந்தக் கணக்குப்படி செவ்வாய்க்கு 3 கலையைவிடக் கூடுதலாக எதிர்பார்த்தார். உண்மையில் செவ்வாய் எவ்வளவு கிட்டே வந்தாலும் அரைக் கலைகூடத் தேறாது. அவர் கருவியால் பிடிக்கவே முடியாத அளவு. முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் அடிவானத்தை ஒட்டிய ஒளிமுறிவுக்கான திருத்தங்களைப் போட்டதும், செவ்வாய் சூரியனைவிடக் கிட்டே வருகிறது என்ற முடிவுக்கு வந்தார். முடிவு சரி. ஆனால் அந்தத் திருத்த அட்டவணைக்குள்ளேயே பழைய 3 கலை ஒளிந்துகொண்டிருந்தது.

1577 வால்மீனுக்கும் இதில் பங்கு உண்டு. டைக்கோ அமைப்பை வரைந்தால் செவ்வாயின் பாதை சூரியனின் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். கோள்கள் கெட்டியான பளிங்குக் கோளங்களில் பதிந்திருக்கின்றன என்று நம்பினால் இது நடக்காது, ஒன்றோடொன்று மோதும். ஆனால் வால்மீன் கோள்களுக்கு இடையே தங்குதடையில்லாமல் போய்விட்டது. அப்படியானால் கெட்டியான கோளம் என்று ஒன்றும் இல்லை. வால்மீனைப் பற்றிய அதே 1588 புத்தகத்தில்தான் தன் அமைப்பையும் வெளியிட்டார், சும்மா இல்லை.


புதுப்பார்வையாளன்:

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை. நன்றி இரவுவிழி சார், வாத்தியார் சார்.

அப்படியானால் அந்த நட்சத்திர அகல விவகாரம் எப்போது தீர்ந்தது? அவர் அளந்த 2 கலை, 1 கலை எல்லாம் தப்பா? இன்னொன்று, இவரிடம் வேலை பார்த்த வானியலாளர் கெப்ளர் இவருடைய குறிப்புகளைத் திருடிக்கொண்டார், விஷம் வைத்தார் என்கிறார்களே?


இரவுவிழி:

அகலம் பற்றி முதலில். டைக்கோ தப்பாக அளக்கவில்லை, ஆனால் அளந்தது நட்சத்திரத்தை அல்ல. புள்ளி மாதிரி இருக்கும் ஒரு வெளிச்சம் நம் கண்ணுக்குள் நுழையும்போது பரவி ஒரு சின்ன வட்டமாகத் தெரிகிறது. வெளிச்சம் கூடக் கூட வட்டமும் பெரிதாகத் தெரியும். அந்த வட்டத்தைத்தான் அவர் எழுதி வைத்தார். வெறும் கண்ணால் பார்க்கும் வரை அது பொய் என்று கண்டுபிடிக்க வழி இல்லை.

ஆனால் சந்திரன் காட்டிக்கொடுத்துவிடும். வளர்பிறை நாளில் சந்திரன் ரோகிணியை மறைப்பதைத் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். சந்திரன் வானத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்வது ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய தன் அகல அளவு, அதாவது சுமார் 30 கலை. ஒரு கலையைக் கடக்க 2 நிமிஷம். ரோகிணி முதல் தர நட்சத்திரம். டைக்கோ சொன்ன 2 கலை அகலம் அதற்கு நிஜமாகவே இருந்தால், சந்திரனின் இருண்ட விளிம்பு அதை மெல்ல மெல்ல மூடி முடிக்க 4 நிமிஷம் ஆக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போக வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. சிவப்பாக, நிலையாக நின்றுகொண்டிருந்தது. விளிம்பு தொட்டது. இல்லை. அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவர் கண் இமைத்த நேரத்தில் கோட்டை விட்டுவிட்டார். இங்கிலாந்தில் ஜெரமையா ஹாரக்ஸ் 1630-களில் கார்த்திகைக் கூட்டத்தைச் சந்திரன் மறைத்தபோது இதையேதான் கவனித்தார். நட்சத்திரங்கள் பட்டென்று மறைகின்றன, ஆகவே அவற்றின் அகலம் நாம் நினைப்பதைவிட மிக மிகக் குறைவு. டைக்கோவின் பிரம்மாஸ்திரம் அங்கே செயலிழக்க ஆரம்பித்தது. கலிலியோவும் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, வேகா நட்சத்திரத்தை அது மறைக்கும் தூரம்வரை பின்னால் நகர்ந்து, அகலம் 5 விகலை என்று கணக்கிட்டார். அதுவும் நிஜத்தைவிடப் பல மடங்கு அதிகம்தான், ஆனால் டைக்கோ சொன்னதில் 24-ல் ஒரு பங்கு.

வேடிக்கை என்னவென்றால், பூமியின் பாதையையே விழுங்கும் அளவுக்குப் பெரிய நட்சத்திரங்கள் உண்மையிலேயே சில உண்டு. திருவாதிரை ஒன்று போதும். ரோத்மன் கேட்டிருந்தால் குதித்திருப்பார்.

பூமி நகர்வதற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது 1720-களின் கடைசியில்தான். ஜேம்ஸ் பிராட்லி தேடியது இடமாறு தோற்றத்தை, கிடைத்தது வேறொன்று: பூமி ஓடும் வேகத்தால் நட்சத்திர ஒளி சாய்ந்து வருகிறது, எல்லா நட்சத்திரமும் வருஷத்துக்கு ஒருமுறை 20 விகலை அளவு இங்குமங்கும் ஆடுகிறது. இடமாறு தோற்றமே கிடைத்தது 1838-ல். ஃபிரெடரிக் பெஸ்ஸல், 61 சிக்னி நட்சத்திரத்தில், ஏறக்குறைய 3-ல் ஒரு பங்கு விகலை. நமக்கு மிக அருகிலிருக்கும் நட்சத்திரத்துக்கே ஒரு விகலை வராது. டைக்கோவின் எல்லை 60 விகலை. அவர் இன்னும் 100 வருஷம் அந்தச் சுவரின் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் பார்த்திருக்க முடியாது.

கெப்ளர் விஷயம். அரசர் நான்காம் கிறிஸ்டியன் காலத்தில் பணவரவு நின்று, டைக்கோ 1597-ல் ஹ்வென்னை விட்டுக் கிளம்பினார். 1599-ல் ப்ராக் போய்ப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபிடம் சேர்ந்தார். கெப்ளர் அவரைச் சந்தித்தது 1600 பிப்ரவரியில், ப்ராக்குக்கு வெளியே பெனாட்கி கோட்டையில். இருவருக்கும் ஒத்தே போகவில்லை. டைக்கோ குறிப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காட்டுவார், கெப்ளருக்கோ எல்லாம் உடனே வேண்டும். 1601 அக்டோபரில் டைக்கோ இறந்ததும், வாரிசுகள் அசந்த நேரம் பார்த்துக் குறிப்பேடுகளைக் கெப்ளர் எடுத்து வைத்துக்கொண்டார். 1605-ல் எழுதிய ஒரு கடிதத்தில் அவரே இதை ஒப்புக்கொள்கிறார். அப்புறம் டைக்கோவின் மருமகன் டெங்னாகலோடு வருஷக்கணக்கில் இழுபறி. 1609-ல் கெப்ளரின் செவ்வாய்ப் புத்தகம் வந்தபோது முன்பக்கத்தில் டெங்னாகலின் குறிப்பு ஒன்றும் இருந்தது.

திருட்டு என்று சொல்வீர்களோ என்னவோ, எனக்குக் கெப்ளர் மேல் கோபம் வரவில்லை. செவ்வாய்க்கு ஒரு வட்டப் பாதை போட்டுப் பார்த்தார், டைக்கோவின் அளவிலிருந்து 8 கலை விலகியது. வேறு யாருடைய அளவாக இருந்தாலும் ‘எட்டுக் கலைதானே, அளந்தவன் பிழை’ என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். டைக்கோவுக்கு 8 கலைப் பிழை வராது என்று கெப்ளருக்குத் தெரியும். வட்டத்தைத் தூக்கிப் போட்டார். நீள்வட்டம் வந்தது.


பழம்பஞ்சாங்கம்:

விஷக் கதைக்கு நான் பதில் சொல்கிறேன். 1901-ல் ப்ராக்கில் டைன் தேவாலயத்தில் அவர் கல்லறையைத் திறந்தார்கள். அந்த எச்சங்களைப் பிற்பாடு சோதித்தபோது மீசை முடியில் பாதரசம் இருந்தது, அதிலிருந்துதான் விஷம், கெப்ளர் என்று புரளி. 2010-ல் மறுபடி திறந்து ஆராய்ந்தார்கள். சாகும் அளவுக்குப் பாதரசம் இல்லை என்று 2012-ல் முடிவு சொன்னார்கள். விருந்தில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று சிறுநீரை அடக்கியவர், 11 நாள் அவஸ்தைப்பட்டு இறந்தார். மூக்கும் வெள்ளி இல்லையாம், பித்தளை.

அவர் ஜோதிடமும் பார்த்தார் என்பதை இந்த இழையில் ஒருவரும் சொல்லவில்லையே? அரசரின் பிள்ளைகளுக்கு ஜாதகம் கணித்துக் கொடுத்தவர்.

அப்புறம், ஹ்வென் தீவு என்று எல்லாரும் புகழ்கிறீர்கள். அந்தத் தீவில் ஏற்கெனவே விவசாயிகள் இருந்தார்கள். அவர்களைக் கட்டாய வேலை வாங்கித்தான் மாளிகை எழும்பியது. அரசர்வரை புகார் போனது.


இரவுவிழி:

விவசாயிகள் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. நல்ல வானியலாளர், மோசமான ஜமீன்தார்.

ஜாதகம் உண்மை. அந்தக் காலத்தில் அரசவைக் கணிதர் என்றால் அதுவும் வேலையில் சேர்த்தி. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அவர் அளக்க வந்ததற்கே ஒரு காரணம் பஞ்சாங்கம் பொய்த்ததுதான். 1563-ல், 16 வயதில், லைப்சிக்கில் சட்டம் படிக்கப் போன இடத்தில், வியாழனும் சனியும் சேருவதைப் பார்த்தார். கோள்களின் இடத்தைக் கணிக்கும் பழைய அல்ஃபோன்ஸைன் அட்டவணை ஒரு மாதம் தப்பு. கோப்பர்நிக்கஸ் கணக்கை வைத்துப் போட்ட புதிய அட்டவணையும் சில நாள் தப்பு. புத்தகங்களை ஒப்பிட்டு லாபமில்லை, வானத்தைத்தான் அளக்க வேண்டும் என்று அங்கே பிடித்த பிடிதான் கடைசிவரை.


புதுப்பார்வையாளன்:

அவருடைய அசல் குறிப்பேடுகளைப் படிக்க முடியுமா? நிஜமாகவே ஒரு ராத்திரியில் என்ன எழுதினார் என்று பார்க்க ஆசை.


இரவுவிழி:

முடியும். கருவிகள்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. அவருடைய பெரிய வானக் கோளம் எப்படியோ கோபன்ஹேகன் வந்து சேர்ந்தது, 1728 தீவிபத்தில் அதுவும் எரிந்துபோனது. உரானிபோர்க்கின் கல்லைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் குறிப்பேடுகள் தப்பின. ட்ரையர் என்ற வானியலாளர் பொறுப்பேற்றுப் பதிப்பித்த தொகுப்பு 1913-லிருந்து 15 தொகுதிகளாக வந்தது, அதில் அளவுகள் மட்டுமே பல தொகுதிகள். காப்புரிமை முடிந்தது, இணையத்தில் கிடைக்கிறது. லத்தீன்தான், ஆனால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தேதி, நேரம், எந்தக் கருவி, எத்தனை பாகை, எத்தனை கலை. கோள்களின் குறியீடுகளும் சில சொற்களும் பழகிவிட்டால் ஓடிவிடும். நடுநடுவே மேகம், காற்று என்று புலம்பல்கள் வரும், அவற்றை விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கணினிக் கோளரங்க மென்பொருளில் அதே ராத்திரியை வைத்துச் சரிபார்க்கத் தோன்றும், எல்லாருக்கும் தோன்றும். டென்மார்க் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில்தான் இருந்தது, 1700 வரை மாறவில்லை. மென்பொருள்களோ பெரும்பாலும் 1582 அக்டோபரோடு தாமாகவே கிரெகோரியனுக்குத் தாவிவிடும். அதனால் 1577 வால்மீன் குறிப்புகளை அப்படியே போடலாம். 1582 அக்டோபருக்கு அப்புறம் ஹ்வென்னில் எழுதியவற்றுக்கு 10 நாள் கூட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் சந்திரன் வானத்தின் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், டைக்கோ மேல் பழி விழும்.